இரண்டாம் தொட்டி

கிருஷ்ணகிரியில் ஜூன் என்றால்
மாம்பழக் கூழ் ஆலையின் வாடை
ஜன்னல் வலையைத் தாண்டி வந்துவிடும்.
கோடை மாரி தெரியாத இந்த அறையில்
எந்நேரமும் இருபத்தெட்டரை டிகிரி.
வரிமீன்களைச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டிருக்கிறேன்.

நூறு மில்லிக்கு இரண்டு கிராம் குளுகோஸ்.
ஒரு வாய் ருசிக்காமலே
செவுள் வழியே, தோல் வழியே
மீனுக்கு நீரிழிவு வருகிறது.
"நமக்கும் அப்படித்தான மேடம் வந்துச்சு"
தொட்டி கழுவிக்கொண்டே சொன்னார் திம்மராயன்.
பதினொரு சீசன் ஆலையில் டிரம் உருட்டியவர்.
இடது செருப்பில்
கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில்
மடித்த துணி.

வால் துடுப்பை நறுக்கினால் இவற்றுக்கு வளரும்.
முதல் தொட்டியில் வளர்ந்தது,
நீல வரிகூட விட்ட இடத்திலிருந்து.
கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று
தினமும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.
இரண்டாம் தொட்டியில்
தேர்தல் முடிந்த கொடிபோல் நின்றது வால்.

மீன் ரத்தத்தை அளக்கத் தனிக்கருவி கிடையாது.
பெங்களூர் ரோட்டு மருந்துக்கடையில் வாங்கிய
குளுகோமீட்டர்தான்.
முந்நூற்று இருபத்தாறு.
"என்னுது அதுக்கும் மேல காட்டுச்சு."
அதில் கொஞ்சம் பெருமை இருந்ததோ என்று
பஸ் பர்கூர் தாண்டும்வரை யோசித்தேன்.

ஆடி பிறந்ததும் நல்ல தண்ணீருக்கு மாற்றினோம்.
சில நாளில் ரத்தம் எழுபதுக்கு இறங்கியது.
மறுபடி நறுக்கினோம்.
சர்க்கரை போய்விட்டது, வால் வந்தது பாதிதான்.
அந்தத் தண்ணீரையே பார்த்திராத புதுச் சதை,
அதற்கும் அந்தத் தண்ணீர்
நினைவிருக்கிறது.

இதற்கு ஒரு பெயர் உண்டு.
அறிக்கையின் நான்காம் பக்கத்தில் எழுதிவிட்டேன்.
ஆனால் திம்மராயன்
சித்திரையிலிருந்து சோறு விட்டுக் களிக்கு மாறியவர்,
டீக்கடையில் "சர்க்கரை இல்லாம" என்று
உரக்கச் சொல்லப் பழகியவர்.
நூற்று முப்பத்தொன்று என்று அச்சிட்ட சீட்டை
மேல்பையில் வைத்திருக்கிறார்,
வேர்வை படாமல் பாலித்தீன் உறையில் போட்டு.

"ரெண்டாவது தொட்டிக்கும் இப்ப நல்ல தண்ணிதான,
வளந்துடும் இல்லீங்களா?"

லென்ஸுக்குக் கீழே அளவுகோலை நகர்த்தினேன்.
ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
நேற்று ஒன்று புள்ளி மூன்று.

"நேத்தைவிட அதிகம்" என்றேன்.
பொய்யில்லை.
அவர் அடுத்த தொட்டியைக் கழுவப் போனார்.