கணக்கு உதைக்கிறது

மூன்று பன்னிரண்டுக்கு ஒலிப்பதிவு நின்றுபோனது.
மூன்று நாற்பதுக்குக் கைப்பேசி என்னை எழுப்பியது.
புந்தா அரேனாஸில் பிப்ரவரி கோடைக்காலம் என்பது
நாட்காட்டியின் சொந்தக் கருத்து.
சதுக்கத்து முனையில் காற்றுக்காகக் கட்டிய கயிற்றைப்
பிடித்துப் பிடித்து நடந்து
ஆய்வகத்தைத் திறந்தேன்.

கலஃபாத்தே என்று நாங்கள் பெயர் வைத்த கணினி
சூடாக, சத்தமாக, ஒன்றும் செய்யாமல் இருந்தது.
நீரிணையில் அறுபது மீட்டர் ஆழத்தில்
மைக் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.
கேட்டதை வைக்கத்தான் இடம் இல்லை.

டிஎஃப் என்று தட்டினேன்.
மொத்தம் மூன்று புள்ளி ஆறு டெராபைட்.
நிரம்பியது மூன்று புள்ளி ஆறு.
மீதி சுழியம்.
எள் போட்டால் எள் விழாது.

சரி, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்?
டியூ.
இது அவசரப்படாத கட்டளை.
சுங்க அதிகாரி மாதிரி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து
உள்ளே இன்னொரு பெட்டி இருந்தால்
அதையும் திறந்து எடை போடும்.
தண்ணீர் கொதித்து, மாத்தே ஊறி,
இரண்டு தடவை உறிஞ்சியும் ஆயிற்று.

பிறகு வரத் தொடங்கின, சிறியதிலிருந்து.
நான்கு கேபி: தீயணைப்பான் வாங்கிய ரசீது.
முப்பது எம்பி: 'தற்காலிகம்', ஐந்து வருடமாக.
'இறுதி'. 'இறுதி இரண்டு'.
இரண்டையும்விடக் கொழுத்து, 'நிஜமாகவே இறுதி'.
ஒன்பது ஜிபி, ஒவிதியோவின் அக்கா கல்யாணம்,
அலுவலக வட்டில், கூச்சமே இல்லாமல்.
அப்புறம் மாதங்கள்.
ஜனவரி, இருநூற்றுப் பத்து ஜிபி.
ஒரு மாதக் கடல்
அவ்வளவுதான் எடை.

கூட்டினால் இரண்டு புள்ளி ஐந்து.

கணக்கு உதைக்கிறது.
ஒரு கட்டளை, வீடு நிரம்பிவிட்டது என்கிறது.
இன்னொன்று, அறை அறையாகப் பார்த்துவிட்டு
அவ்வளவு பேர் இல்லையே என்கிறது.
இரண்டுமே பொய் சொல்லத் தெரியாதவை.
ஒன்று புள்ளி ஒன்று டெராபைட்
பெயரில்லாமல் எங்கோ இருக்கிறது.

ஒவிதியோவை அழைத்தேன்.
இப்போது அந்தோஃபகாஸ்தாவில், தாமிரச் சுரங்கத்தில், இரவுப் பணி.
"அந்தப் பெரிய பதிவேடா?
அக்டோபரிலேயே அழித்துவிட்டேனே, தானிட்சா."

அழித்திருக்கிறான். உண்மைதான்.
எந்த நிரல் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று
கேட்டுப் பார்த்தபோது
வரிசையின் நடுவில் ஒரு கோப்பு,
பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது.
பட்டியலில் பெயரை வெட்டினான்.
பிடித்திருந்த கையை விலக்கச் சொல்ல மறந்தான்.
செப்டம்பர் ஒன்பதில் அவன் ஓடவிட்ட நிரல்,
நூற்று அறுபது நாளாக,
இல்லாத கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது.

என்ன எழுதுகிறது?
அதன் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.
காற்றின் இரைச்சல், திமிங்கலம் அல்ல.
காற்றின் இரைச்சல், திமிங்கலம் அல்ல.
நொடிக்கு ஆயிரம் தடவை.
நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே
ஒரு லட்சம் வரி கூடியிருக்கும்.

வெளியே ஜன்னல் சட்டம் அதையே சொல்லி ஆடியது.

நிறுத்துவதற்கான கட்டளைக்குக்
'கொல்' என்று பெயர் வைத்தவர் யாரோ,
விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாக
அதைத் தட்டிப் பார்க்காதவராக இருக்க வேண்டும்.
செயல் எண் 2214. தட்டினேன்.
சத்தம் ஏதும் இல்லை.
டிஎஃப்: எழுபது விழுக்காடு.

பதிவு மீண்டும் தொடங்கியபோது ஐந்து பதினேழு.
இடையில் அந்த வழியாக எது போனதோ, போயிற்று.
ஒருவேளை காற்று மட்டும்.

ஒவிதியோ திருப்பி அழைத்தான்.
சரியாகிவிட்டது என்றேன்.
கல்யாண வீடியோவை அழித்தாயா என்று கேட்டான்.
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"அதில் பதினோராவது நிமிடம் பார்,
நீயும் ஆடுவாய்" என்றான்.

எண்பதைத் தொட்டால் எழுப்பு என்று
கணினிக்கு ஒரு வரி எழுதி வைத்தேன்.
பேக்கரி திறந்திருக்கும்.
கயிறு எந்தப் பக்கம்.