மூன்றாவதாக வந்தவள் கேட்டவை

உன் அம்மாவுக்கு ஆள் தேடுவதாகச் சொன்னாய், க்ரிஸெல்தா.
எங்களுக்கு எப்படிக் கிடைத்தாள் என்று கேட்டாய்.

வல்பரைசோவில் எங்கள் வீட்டுக்கு
நூற்று அறுபத்து நான்கு படிகள்.
முதலில் வந்தவள் பாதிவழியில் நின்று
போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.
அடுத்து வந்தவர் மேஜை நிறையச் சான்றிதழ்களைப் பரப்பினார்.
அப்பா இருந்த பக்கம் திரும்பவேயில்லை.

அண்ணன் நிபால்தோ சாந்தியாகோவிலிருந்து
கேட்க வேண்டியதையெல்லாம் எழுதி அனுப்பியிருந்தான்.
அனுபவம் எத்தனை ஆண்டு, சிகரெட் உண்டா,
முன்பு இருந்த வீட்டாரின் நம்பர் தருவீர்களா.
தாளை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.

மூன்றாவதாக வந்தவள் யொபானா. பெருவின் மலைக்காரி.
மேல்மூச்சு வாங்கவில்லை.
உட்காருமுன்பே கேட்டாள்:
"நான் எங்கே தூங்குவேன்?"
தையல் மெஷினும் உடைந்த ஹீட்டரும் கிடந்த அறையைக் காட்டினேன்.
"உள்தாழ்ப்பாள்?"
இல்லை.
"போடுங்கள்."

குளியலறையில்
கைப்பிடி என்று நான் நம்பியிருந்த கம்பியை
ஒரு இழு இழுத்தாள்.
சுண்ணாம்போடு கையில் வந்தது.
"இது துண்டுக்கு. ஆளுக்கு வேறு வேண்டும்."

மாத்திரைப் பெட்டியைத் திறந்தாள். அன்று வியாழன்.
செவ்வாய் அப்படியே இருந்தது.

"ராத்திரி எத்தனை தடவை எழுவார்?"
இரண்டு, என்றேன்.
"ஐந்து" என்றார் அப்பா, ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல்.
அதற்குப்பின் அவள் என்னிடம் கேட்கவில்லை,
நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"நிலம் ஆடினால் என்ன செய்வீர்கள், தொன் எலெயுதேரியோ?"
"எழுந்திருக்க மாட்டேன். நாற்பது வருஷம்
துறைமுகத்துக் கிரேன் உச்சியில் ஆடியவன்."
"சரி, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.
ஆனால் இந்த அலமாரியைச்
சுவரோடு சேர்த்துத் திருகச் சொல்லுங்கள்."

சம்பளம், காப்பீடு, வேலை நேரம்
எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டாள். கேட்கட்டும்.
எழுதாமல் விட்டதுதான் பின்னால் சண்டையாகிறது.
பிறகு,
"ஞாயிறு காலையிலிருந்து திங்கள் காலைவரை என்னுடையது.
அன்று இவரோடு யார்?"

தாளைப் புரட்டினேன். பின்பக்கமும் பார்த்தேன்.
நிபால்தோவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.
கொஞ்ச நேரம் அவன் வீட்டு டிவி மட்டும் பேசியது.
"பார்க்கலாம்" என்றான்.

"பார்க்கலாம் என்று ஒரு கிழமை இல்லையே"
என்றாள் யொபானா.

அப்பா சிரித்தார், க்ரிஸெல்தா.
இருமல் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

முதல் ஞாயிறு என் முறை.
விளக்கணைக்காமல் எண்ணினேன்.
ஐந்தில்லை, ஏழு.
இரண்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்,
வந்தவள் பயந்து போய்விடக் கூடாதே என்று.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தான்.
நூற்று அறுபத்து நான்கையும் திட்டிக்கொண்டே
துளைபோடும் மெஷினோடு ஏறி வந்தான்.