எச்சம்

கோமாரிக் களப்பு, காலை ஆறரை.
இரண்டு தோணிகளைப் பலகையால் பிணைத்து
இடைவெளியில் குழாயை இறக்குகிறோம்.
மீராலெவ்வை மரச் சுத்தியலால் அடிக்கிறார்.
ஒவ்வோர் அடிக்கும் தோணிகள்
எல்லுப்போலப் பணிகின்றன.

“பீ பாக்கவா புள்ள இவ்வளவு பாடு?”
ஓம் என்றேன். குருவிப் பீ. அதில் கிடக்கும் நைதரசன்.
விண்ணப்பத்தில் அதையே
எச்சம் என்று எழுதியிருந்தேன்.
நான்கு லட்சம் தந்தார்கள்.

ஒரு மீற்றர் இருபது. கூழ்முட்டை மணம்.
கரையில் தார்ப்பாயில் கிடத்தி
மீனைப் பிளப்பதுபோல நெடுக்காகப் பிளந்தோம்.

மேலே கறுப்பு.
பதின்மூன்றாம் சென்ரிமீற்றரில்
ஒரு விரல் தடிப்பில் வெள்ளை மணல்.
கடல் கொண்டுவந்து போட்டது.
மீராலெவ்வை குனிந்து பார்த்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
அந்த இடத்தில் மட்டும்
சாரன் நுனியால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குக் கீழேதான் எனக்கு வேண்டிய சேறு.
பறவைக் கணக்குப் பதிவேட்டில்
அந்த வருடங்களுக்கு வரிகள் உண்டு, எண்கள் இல்லை.
“பாதுகாப்புக் காரணங்களால்”,
ஆண்டுதோறும் ஒரே கையெழுத்து.

தை மாதம் முடிவு வந்தது.
வெற்று வரிகளுக்கு நேரான சேற்றில்
நைதரசன் ஏறி ஏறி நின்றது.
வலை விழாத களப்பு,
விறகுக்கு வெட்டாத கண்ணாக்காடு.
நாங்கள் ஒளிந்திருந்தபோது
அவை நிறைந்திருந்திருக்கின்றன.
கோடு உயர்வதைக் கண்டு முதலில் சிரித்தேன்.
பிறகு கணினியை மூடிவைத்தேன்.

வடதுருவத்துக் குளமொன்றில்
இதே வேலை செய்கிறாள் இங்கெபோர்க்.
அவளுடைய சேற்றில் ஒரு வருடம் மயிர்க்கனம்தான்.
“உன் களப்பில் குளிர்காயும் உள்ளான்
எங்கள் பக்கம் பொரித்ததாகவும் இருக்கலாம்” என்று எழுதுகிறாள்.
அங்கே ஐஸ் முந்தி உருகுகிறதாம்,
பூச்சி முந்திப் பொரிக்கிறதாம்,
குருவி பழைய தேதிக்கே வந்து
முடிந்த பந்தியில் குந்துகிறதாம்.
அவளுடைய கோடு மேலே வர வர இறங்குகிறது.
என்னுடையதன் கடைசி மூன்று சென்ரிமீற்றரை
இன்னும் அவளுக்கு அனுப்பவில்லை.

எட்டாம் வகுப்பில் எச்சத்துக்குப் பொருள் கேட்டார்கள்.
முடியாமல் நிற்கும் வினை என்று எழுதினேன்.
வந்து. இருந்து. பறந்து.
முழுப் புள்ளி கிடைத்தது.

இன்று விடியப்புறம் மீராலெவ்வை போன் எடுத்தார்.
“உள்ளான் வந்திரிக்கி புள்ள. எண்ணட்டா?”
முந்திக் கேட்டால்
வானத்துக்குக் கை விரித்து, ஏலா என்பவர்.
எண்ணுங்க என்றேன்.
போனைக் காதில் இடுக்கி
தேத்தண்ணீருக்குச் சீனி போட்டேன்.

கரண்டி கரைக்குமுன்
எண்ணி முடித்துவிட்டார்.