பாலத்துல நிக்கேன்

“மதினி, நான் பாலத்துல நிக்கேன்” என்றாள் பொன்சீலி.
நானுந்தாம்ளா என்றேன்.
அவள் நிற்பது பிராக் நகரத்தில்.
நான் நிற்பது, பத்து நிமிடமாக நகராத
ஜங்ஷன் பஸ்ஸில், கம்பியைப் பிடித்தபடி,
கொக்கிரகுளம் முடிந்து ஆறு தொடங்கும் இடத்தில்.

அங்கே காலை ஏழு.
கூட்டம் வருமுன் பார்த்துவிட வேண்டுமென்று
இருட்டோடு எழுந்து வந்தாளாம்.
போனுக்குள் மஞ்சு.
மஞ்சுக்குள் இரண்டு பக்கமும் கறுத்த கல் மனிதர்கள்,
ஒருவர் கையில் சிலுவை, ஒருவர் தலையில் புறா.
“அறுநூறு வருசம் மதினி!
முட்டை ஒடச்சு ஊத்திச் சுண்ணாம்பு கொழச்சாவளாம்.
ஊர் ஊராக் கேட்டு வாங்குனாவளாம்.
ஒரு ஊர்க்காரன் மட்டும் அவிச்சு அனுப்பிட்டானாம்.”
சிரிக்கிறாள். வாயிலிருந்து புகை வருகிறது.

முன்னால் வாழைத்தார் லாரி அச்சு முறிந்து கிடக்கிறதாம்.
“எறங்குதவங்க எறங்கிக்கிடுங்க” என்றார் கண்டக்டர்.
இறங்கினேன்.
முப்பத்தொரு வருடமாக இதன்மேல் போய் வருகிறேன்.
கல்யாணமாகி வந்த காரும் இதன்மேல்தான் வந்தது.
கால் வைத்தது இன்றைக்கு.

“நம்ம பாலத்தக் காட்டுங்க, எத்தன வளைவு?”
தெரியவில்லை.
மேலே நிற்பவளுக்கு வளைவு தெரிவதில்லை.
சுவருக்கு வெளியே போனை நீட்டினேன்.
புதுப்பாலம் தோளுரச நிற்பதால்
பழையதன் முகம் படத்தில் விழவில்லை.
விழுந்தது கலங்கல் தண்ணீர், அமலைச் செடி,
கல்லிடுக்கில் ஒரு அரசங்கன்று,
பெருவெள்ளம் தூணில் விட்டுப்போன சேலைக் கிழிசல்,
மழைக்கு முந்தின புழுக்கத்தில்
ஆட்டோவைக் குளிப்பாட்டும் ஒருவன்.

“செல ஒண்ணும் இல்லியே மதினி.”
இல்லைதான்.
இதைக் கட்டியவர் வீட்டம்மாவின் நகையும்
இதற்குள் போனதென்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
அங்கே முட்டை. இங்கே நகை.
கழற்றும்போது அவள்
எந்தக் கையிலிருந்து தொடங்கினாள் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
இடதுகை என்றுதான் நினைக்கிறேன்.
வலதுகைக்குச் சோப்பு வேண்டியிருந்திருக்கும்.
எனக்கு வேண்டியிருந்தது.

பொன்சீலி இப்போது ஒரு சிலையடியில்.
ராணி சொன்ன பாவசங்கீர்த்தனத்தை
ராஜா கேட்டும் சொல்லாத சாமியாராம்.
இங்கிருந்துதான் ஆற்றில் தள்ளினார்களாம்.
வாயைத் திறக்காததற்குப் புனிதர் பட்டம்.
அடியில் ஒரு தகடு. ஊரெல்லாம் தொட்டுத் தொட்டு
ஓர் இடம் மட்டும் பொன்னாய் மினுங்குகிறது.
தொட்டவர்கள் திரும்ப வருவார்களாம்.
“நாம சி.எஸ்.ஐ., தொடலாமா?”
தொடு, ஒங்கண்ணன்ட்ட நான் சொல்லமாட்டேன்.

தொட்டாள். பிறகு போனைத் தகட்டருகே கொண்டுபோய்
“நீங்களும்” என்றாள்.
“ஆமா, வேலநாள்ல எங்க போறிய?”
ஜங்ஷன்ல ஒரு சோலி.

கைப்பையில் கூட்டுறவு வங்கிச் சீட்டு
மூன்றாய் மடிந்து இருக்கிறது.
ஆறு வளையல், ஒரு நெளி மோதிரம்,
வட்டி கட்ட இன்று கடைசி நாள்.
விசாவுக்குப் பணம் எப்படி வந்ததென்று
அன்றைக்கு அவள் கேட்டபோது
கர்த்தர் பாத்துக்கிட்டார் என்றேன்.
அதிலும் பொய்யில்லை.

“தொடுங்க மதினி, ஆளுவ வாராவ.”
மினுங்கும் இடத்தில் விரலை வைத்தேன்.
சிவப்புப் பொத்தானும் அங்கேதான் இருந்திருக்கிறது.
பிராக் அணைந்துவிட்டது.

லாரியை ஒதுக்கிவிட்டார்கள் போல.
நான் வந்த பஸ் என்னைத் தாண்டும்போது
கண்டக்டர் கை காட்டினார். நான் ஏறவில்லை.
மீதிப் பாலத்தைச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்.
சொரசொரப்பு. எங்கேயும் மினுங்கவில்லை.

எத்தனை வளைவு என்று அவள் திரும்பக் கேட்பாள்.
வட்டி கட்டிவிட்டு, மழை வராமலிருந்தால்,
ஆற்றுக்குள் இறங்கி எண்ண வேண்டும்.