இருபத்திரண்டாவது கட்டம்

பாலக்கோட்டிலிருந்து ஏழே முக்காலுக்கு டவுன் பஸ்.
மடியில் பதிவேடு. பையில்
காது மெஷினுக்குப் பேட்டரிகள், தடித்த பென்சில்கள்,
யாரும் கேட்காத பிரெய்ல் அட்டை ஒன்று.
ஒன்றுவிட்ட செவ்வாய்களில்
மாரண்டஅள்ளி தாண்டி இந்தப் பள்ளி.

குறைபாடுகள் இருபத்தொரு வகை.
பதிவேட்டில் இருபத்தொரு கட்டம்.
அஞ்சாம் வகுப்பில் எனக்கு ஒரே பிள்ளை, சைலஜா.
புது பேட்டரி போட்டு
'கேக்குதா?' என்று நான் உதடு குவித்தபோது
பக்கத்தில் இருந்தவன் சொன்னான்:
'பேட்டரி ஒன்பது நாள்தான் வருது மிஸ்.
நீங்க பதினாலு நாளைக்கு ஒருக்கா வரீங்க.
அஞ்சு நாள் அவ சும்மா தலையாட்டறா.'

மாதேஷ்.
எந்தக் கட்டத்திலும் இல்லாதவன்.

கணக்கை முடித்துவிட்டு எழுந்து நிற்பான்.
சாக்பீஸ் எடுத்து வா.
முட்டை எண்ணிட்டு வா.
என் போன்ல வருகை ஏத்து.
முடிக்காதவனுக்குச் சொல்லிக் கொடு.
கோபிநாத் சார் கெட்டவர் இல்லை.
ஒரே அறையில் இரண்டு வகுப்பு,
முப்பத்தெட்டுத் தலைகள், ஓடாத மின்விசிறி.

அன்று பலகையில் கழித்தல்.
'சின்ன எண்ணுல இருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது.'
'முடியும் சார். நேத்து எங்கப்பா கழிச்சாரு.'
வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.
மண்டியில் தக்காளி, கிரேடு முப்பது ரூபாய்.
பறிகூலி இருபது, வேன் வாடகை பதினெட்டு, கமிஷன் மூணு.
கிரேடுக்குப் பதினோரு ரூபாய்
அப்பாவின் சட்டைப்பையிலிருந்து.
'பூஜ்யத்துக்குக் கீழ என்ன சார் இருக்கு?
அதுக்குப் பேரு உண்டா?'

'ஆறாவதுல வரும்டா. உக்காரு.'

உட்கார்ந்தான்
ஆறாவது வரைக்கும்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'நல்லா படிக்கிறவனுக்கு என்னம்மா குறை?
வராதவங்களைப் பாருங்க. உங்க சம்பளமே அதுக்குத்தான்.'
சரிதான். தொகுப்பூதியம்,
அதுவும் ரெண்டு மாதமாக வரவில்லை.

வேறு பள்ளிக்கு அனுப்பலாமே என்றார் ஒருவர்,
கிருஷ்ணகிரி பக்கம், ஹாஸ்டலோடு.
போய்விட்டால்
சைலஜாவின் ஒன்பது நாளை யார் எண்ணுவது?
நினைத்த மறுகணம் சுரீரென்றது.
நானும் அவனை
முட்டை எண்ணத்தான் அனுப்பியிருந்தேன்.

அடுத்த முறை பையில் பேட்டரி இரட்டிப்பு. வாயில் ஒரே ஒரு யோசனை.
'பயிற்சியில இருபது கணக்கு சார்.
கடைசி மூணு சரியா வந்தா மத்தது வேண்டாம்.
அவன் கேள்வியை அவனே தோண்டட்டும்.'
'மத்த பசங்க கேப்பாங்களே மேடம்?'
'அவங்களும் கடைசி மூணை முதல்ல போட்டுப் பாக்கட்டும்.'
சார் தாடையைச் சொறிந்தார். பார்ப்போம் என்றார்.
வேண்டாம் என்பதற்கும் அவர் அதையே சொல்வார்.

பதினாலு நாள்.
மூன்று நோட்டுகளை நீட்டினார்.
மாதேஷ், தெரிந்ததுதான்.
கடைசி பெஞ்ச் முனிராஜ், யாரும் நினைக்காதது.
மூன்றாவதைத் திறந்தேன்.
சுத்தமான எழுத்து, அடித்தல் இல்லை,
மூன்றாம் கணக்குக்கு மட்டும் இரண்டு வழி.
அட்டையைத் திருப்பிப் பெயர் பார்த்தேன்.
சைலஜா.

நாலு வருஷமாக அவளை
நான் ஒரு காதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது இருவரும் தரையில்
சாக்பீஸ் கோடு ஒன்றின் மேல் குனிந்திருக்கிறார்கள்.
நடுவில் பூஜ்யம். இடப்பக்கம் தக்காளி.
அவள் ஏதோ எழுதி அவன் பக்கம் தள்ளுகிறாள்.
அவனுக்கு வரவில்லை.
பென்சிலைக் கடிக்கிறான், காது மடல் சிவக்கிறது,
இந்தப் பள்ளியில் முதல்முறையாக
அவனுக்கு ஒன்று வரவில்லை.
நான் உதவப் போகவில்லை.

பதிவேட்டில் 'குறிப்பு' என்ற பத்தி
வழக்கம்போல் வெறுமை. பேனா மூடியைத் திறந்து
மூடி, திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முட்டை எண்ண இன்று முனிராஜ் போனான்.
இரண்டு குறைவாக எண்ணிவிட்டு வந்தான்.
சமையலம்மா கத்துகிறாள்.
கத்தட்டும்.
அவன் மறுபடி எண்ணப் போகிறான்.