படகுக் கூலி

பெயர் பக்கிரிசாமி. ஊர் ஜாம்புவானோடை.
எதிர்ப்பா ஆதரவா என்று கேட்கிறார் எழுதுகிறவர்.
அதற்கு முன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:
அவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனவன் நான்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
ஆறு பேர், இரண்டு பெட்டி, ஒரு கட்டு இரும்புக் கம்பி,
கம்பி முனையில் சிவப்புத் துணி.
ஆயிரத்து இருநூறு ரூபாய், டீசல் தனி.
வலைக்கு வாங்கிய கடன் நின்றது.
சாக்கு சொல்லவில்லை, கணக்கு சொல்கிறேன்.

சேத்துக்குடா தாண்டி
இன்ஜினை அணைத்துக் கழி ஊன்றினேன்.
வத்தம். அலையாத்தி வேர்கள்
சேற்றுக்கு வெளியே விரல் விரலாய் நீட்டி
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.
மிதித்தால் வழுக்குமா என்றார் தொப்பிக்காரர்.
வழுக்காது, ஒடியும் என்றேன்.
ஒடிய ஒடிய நடந்தார்கள்.

அதில் சின்னவன் ஒருவன்,
மீசை இன்னும் சேரவில்லை,
கம்பி நடுவதற்கு இடம் வேண்டி ஒரு கிளையை வெட்டினான்.
வெட்டு வாயில் பால் வடிந்தது.
தில்லைடா தம்பி, கண்ணைத் தொடாதே என்று
நான் கத்தி முடிப்பதற்குள்
தொட்டுவிட்டான்.

குடிக்க வைத்திருந்த இரண்டு கேன் தண்ணீரும்
அவன் கண்ணுக்கே போயிற்று.
என் மடியில் தலை. இமையை நான்தான் பிரித்துப் பிடித்தேன்.
அவன் மொழியில் யாரையோ கூப்பிட்டான்.
யாரை என்று யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.
மூன்றாம் நாள் பார்வை வந்துவிட்டதாம். நல்லது.
அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன்.
அறுநூற்றுச் சொச்சம் பக்கம் இங்கிலீஷ்,
பதினாலு பக்கம் தமிழ்ச் சுருக்கம்.
மகள் வாசித்தாள், நான் வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.
பதினோராம் பக்கம்:
‘குறிப்பிடத்தக்க மரங்கள் ஏதுமில்லை.
உவர்நிலப் புதர்கள் காணப்படுகின்றன.’
திரும்பப் படி என்றேன். திரும்பவும் அதேதான்.
ஆளின் கண்ணைப் பறிக்க வந்த மரத்தைக்கூடவா
எண்ணாமல் விட்டார்கள்?

கஜா அடித்த ராத்திரி
அந்தப் புதர்தான் முன்னால் நின்று வாங்கியது.
விடிந்து பார்த்தால் ஒரு இலை இல்லை.
அப்புறம் முளைத்தது, மெதுவாக,
யாரிடமும் அனுமதி கேட்டு மனுப் போடாமல்.

ஆறே ஆறு கிணறு, அதுவும் ஓரமாகத்தான் என்கிறீர்கள்.
ஐயா, ஓரம் என்பது வயலுக்கு உண்டு.
ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை
அத்தனை வாய்க்காலுக்குள்ளும் புகுந்து திரும்புகிறது.
எண்ணெய்ச் சொட்டுக்கு எது ஓரம் என்று
யார் சொல்லிக்கொடுப்பது?

உன் வீட்டு அடுப்பும் கேஸ் அடுப்புதானே என்று
பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.
நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை.
அடுப்பில் வைக்க நண்டு வேண்டும்,
அதுவரைக்கும்தான் தெரியும்.

மணி அடிக்காதீர்கள், மூன்று நிமிடம் முடிந்தது தெரிகிறது.
இன்னும் ஒரே ஒரு சேதி.

நாற்பத்தோரு கம்பி நட்டார்கள்.
வழி காட்டியவனுக்கு இடம் மறக்குமா?
போன அமாவாசைக்குத் தனியாகப் போனேன்.
முப்பத்தெட்டுதான் கிடைத்தது,
மூன்றைச் சேறு விழுங்கிவிட்டது.
மண்டபத்து வாசலில் சைக்கிளோடு கட்டிவைத்திருக்கிறேன்,
எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.
கூலிப் பணம் இந்தக் கவரில்.

எதிர்ப்பு என்று எழுதுங்கள்.
இந்தத் தடவை டீசல்
என் செலவு.