ஊதுகிறவன்

பிரமாதீச வருஷம், மதராஸிலிருந்து வந்த பம்பு
ஆடிக் காற்று அடங்குவதற்குள் வாய் பிளந்தது.
பழுதுபார்க்க ஆள் இல்லை பாளையங்கோட்டையில்.
கேப்டன் ஞானாபரணம் எங்களை வரிசையாக நிறுத்தி
ஒவ்வொரு நெஞ்சாய்த் தட்டிப் பார்த்தான்,
பலாப்பழம் வாங்க வந்தவன் மாதிரி.
'நீ ஊதுலே' என்றான் என்னிடம்.
அணியில் எனக்கு அதுதான் இடம்.

ரப்பர் பையின் காம்பை வாயில் கவ்வி
கண் பிதுங்க ஊதுவேன்.
சணலால் கழுத்தைக் கட்டித் தோலுக்குள் திணித்து
வாரை இழுத்து முடிந்து
தரையில் ஒரு தட்டு.
எகிறி வரும், கோபக்காரப் பிள்ளையாக.

விடுதியில் எனக்குத் தனிக் குவளை.
கிணற்றடியில் யாராவது ஊற்றும்வரை
கை ஏந்தி நிற்கணும்.
வேதபாட வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு,
சாப்பாட்டு மணி அடித்தால்
அந்தப் பெஞ்சு நீண்டுகொண்டே போகும்.
இதைச் சொல்ல வரவில்லை.
பந்தைச் சொல்ல வந்தேன்.

ஆவணியில் போலீஸ் ரிசர்வை இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம்.
அவர்கள் பூட்ஸ், நாங்கள் வெறுங்கால்.
பிய்ந்து வந்த கட்டைவிரல் நகத்தை
மீரான் மைதீன் வெற்றிலையில் மடித்து
மேலப்பாளையம் கொண்டுபோனான், உம்மாவிடம் காட்ட.
புரட்டாசியில் மணியாச்சி, ரயில்வேக்காரர்கள்.
ரயில் கூவியதை ரெஃப்ரியின் விசில் என்று நம்பி
எங்கள் பின்காவல் மொத்தமும் நின்றுவிட்டது.
அப்படித்தான் அந்த ஆட்டம் சமமாயிற்று.

அனந்தகிருஷ்ணன் தலையால் முட்டுவதில் சூரன்.
குடுமியை இறுக்கிக்கொண்டு எழும்பினால் பனை உயரம்.
ஆட்டம் முடிந்ததும் நேரே குறுக்குத்துறை,
மூன்று முழுக்கு,
தோலைத் தொட்டதற்கு.
தோலுக்குத்தான் முழுக்கு.
உள்ளே இருந்த காற்றை அவன் கணக்கில் எடுக்கவில்லை.
என் எச்சில் காயாத மூச்சு
அவன் நெற்றியில் பட்டுத்தான்
கம்பத்துக்குள் போனது, அந்த வருஷம் நான்கு முறை.
நான் எண்ணினேன்.

ஐப்பசி பூராவும் மழை. மைதானத்தில் தவளைகள் ஆடின.

பொங்கல் கழிந்து தூத்துக்குடி. துறைமுக கிளப். கடைசி ஆட்டம்.
முந்தின இரவு மாசிலாமணிக்குக் குளிர்காய்ச்சல்.
அவன் சட்டை மடித்தபடி பெட்டியில் கிடந்தது.
நான் அதைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை ஞானாபரணம் பார்த்தான்.
'பத்துப் பேர் போதும்லே' என்றான்,
ஜன்னலிடம்.

உப்பளத்தை ஒட்டிய தரை. கண் கூசும் வெள்ளை.
ஒன்றுக்கு ஒன்று, இருபது நிமிஷம் பாக்கி.
கோட்டைத் தாண்டிய பந்து
உடைமரத்தடியில் போய் உட்கார்ந்து
பெருமூச்சு விட்டது.

பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
முள்ளைப் பிடுங்கினேன். ஒட்டுப் போட்டேன்.
காம்பை வாயில் வைத்தேன்.
வைத்தபடி இருந்தேன்.
எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது,
உப்புச் சுமக்கும் பெண்கள்
கூடையை இறக்கிவைத்துப் பார்க்கும் அளவுக்கு.

அனந்தகிருஷ்ணன்தான் ஓடி வந்தான்.
'ஊதேன், உனக்குப் புண்ணியமாப் போகும்.'
என் உதட்டைப் பார்த்தான்.
காம்பில் வழிந்ததைப் பார்த்தான்.
பிறகு புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்;
வேர்வையாகவும் இருக்கலாம்.

ஊதினேன்.

கடைசியில் அவன் தலைக்கென்றே
உயரமாய் வந்தது ஒரு பந்து.
எழும்பினால் கோல்.
அவன் எழும்பவில்லை.
தொடை பிடித்துக்கொண்டது என்றான், தோற்ற பிறகு,
யாரும் கேட்காமலே.

ரயிலில் பந்தை மடியில் வைத்துக் கட்டவிழ்த்தேன்.
மெல்லத்தான் போயிற்று.
தட்டப்பாறை தாண்டும்வரை
பெட்டிக்குள் ரப்பர் வாடை.

மறுநாள் ஸ்டோர் ரைட்டர் புத்தகத்தில் எழுதினார்:
'பந்து 1. ஒட்டு 1. காற்று இல்லை.'
கையெழுத்துக் கேட்டார்.
போட்டேன்.